ரெமிஜியஸ் வீட்டுக்குப் பதினோரு மாதம்

லிங்கராஜபுரம், பெங்களூர்
14 செப்டம்பர் 2003

அன்பு மகள் பெர்னதெத்துக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இங்கே சுகம், அந்தக் குளிரில் உனக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது, அப்பா இரண்டு தடவை வாசித்துவிட்டு எனக்கு வாசித்துக் காட்டுகிற சாக்கில் மூன்றாவது தடவையும் வாசித்தார். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் காக்ஸ் டவுன் மார்க்கெட் போனால் பேக்கரி வாசலில் நிற்காமல் வருவதில்லை. எதிர்வீட்டு சரசுவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. நம் சம்ப்புத் தொட்டியில் விரிசல் விட்டுத் தண்ணீர் நிற்காமல் போய், சிமெண்ட் பூசி இப்போதுதான் சரியாயிற்று.

நீ குடியிருக்கிற வீட்டுக்காரம்மா நல்ல மனுஷி, அக்ரிமெண்ட் முடிந்தாலும் இன்னும் இரண்டு வருஷம் இருந்துகொள் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டாள், இதை எழுதி வாங்குவதா என்று கேட்டிருந்தாய். வாங்கு. அயர்லாந்துச் சட்டம் எனக்குத் தெரியாது, மனுஷர்களைத் தெரியும். பழைய அக்ரிமெண்டை எடுத்து, நீட்டிப்பு வேண்டுமானால் எத்தனை மாதம் முன்பே கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டுமா என்று பார். வீடு அவள் பேரில்தான் இருக்கிறதா, வேறு யாரும் கையெழுத்துப் போட வேண்டுமா என்றும் கூச்சப்படாமல் கேள். நல்ல மனுஷியாக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஒரு கையெழுத்து இல்லாததால் ஒரு குடும்பம் என்ன ஆனது என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தவள், பார்த்தது மட்டுமில்லை, என் கையாலேயே செய்தவள். ரெமிஜியஸ் வீட்டுக் கதை அது. இவ்வளவு நாள் உனக்கு எழுதவில்லை. அந்தப் பேரைப் பார்த்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிடாதே, முழுக்கப் படி.

உனக்கும் ஓஸ்வால்டுக்கும் கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் அவன் அப்பா ரெமிஜியஸ் பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அதோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் ஓலை வாசித்த பெண்ணை வேண்டாம் என்பதற்கு ஊருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே, பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடமெல்லாம் உனக்கு வலிப்பு என்று சொன்னார். தவக்காலத்தில் ஒருசந்தி விரதம் இருந்து, கோயிலில் பாடிக்கொண்டிருக்கும்போதே நீ மயங்கி விழுந்தாயே, அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு. வலிப்பு இருந்தால்தான் என்ன, அதுவும் ஒரு வியாதி, நர்ஸாக இருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லாததைச் சொன்னார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அதற்குப் பிறகு உன்னைப் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் யாரும் வரவில்லை, நீயும் ஊரை விட்டே போய்விட்டாய். ஓஸ்வால்டுக்கு வசதியான இடத்தில் கல்யாணம் நடந்தது, அந்தப் பத்திரிகையை நமக்கும் ஒன்று அனுப்பினார் பார், அன்றைக்கு மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நான் வேலை பார்க்கிற கோயில் டிரஸ்டுக்குக் காக்ஸ் டவுனில் ஒரு வரிசை பழைய வீடுகள் உண்டல்லவா, அதில் மாமரம் நிற்கிற வீடுதான் ரெமிஜியஸ் இருப்பது. சொந்த வீடு என்றுதான் ஊரே நினைத்தது, அவரும் அப்படித்தான் நடந்துகொண்டார். உண்மையில் அவர் அப்பா காலத்தில் முப்பது வருஷ லீஸுக்கு எடுத்தது. இன்னொரு முப்பது வருஷம் வேண்டுமென்றால் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே எழுத்து மூலம் கேட்க வேண்டும், அப்படிக் கேட்டால் டிரஸ்ட் மறுக்கக் கூடாது என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிசையில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் லீஸ் முடிந்தது, மற்ற வீட்டார் எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இவர் மட்டும் போனதற்கு முந்தின வருஷம் கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஆபீசுக்கு வந்து, உட்காராமல், என் மேஜை மேல் கார் சாவியை வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார், “நம்ம லீஸையும் அப்டியே நீட்டி வச்சிடுங்க.” கேட்டுக்கொண்டேன் என்றேன். அது பொய்யில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுதிக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வேறு யாராக இருந்தாலும் காகிதமும் பேனாவும் எடுத்துக் கொடுத்து எங்கே கையெழுத்து என்றும் காட்டியிருப்பேன். இவருக்குச் சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

கிறிஸ்மஸ் போயிற்று, புது வருஷம் பிறந்தது, லீஸும் முடிந்தது. அடுத்த மாத வாடகைக்கு வழக்கம்போல அவர் செக் வந்தது. டிரஸ்டின் வக்கீல் வெங்கடசுப்ரமணியனிடம் கேட்டேன், லீஸ் முடிந்த பிறகு வாடகை வாங்கினால் தொடர்ந்து இருக்க நாமே சம்மதித்தது போல ஆகிவிடும் என்றார். அன்றே செக்கை ரிஜிஸ்டர் தபாலில் திருப்பி அனுப்பினேன், கூடவே வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். கிடைத்தது என்று அவர் கையெழுத்துப் போட்ட தபால் அட்டை திரும்பி வந்த மத்தியானம் நான் மறுசோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு நம் வீட்டுக்கு வழி தெரிந்தது. ஓஸ்வால்டையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவனுக்குத் தொப்பை போட்டிருக்கிறது, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் வக்கீல் கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கலாம், ஆனால் முப்பது வருஷம் கிடைக்காது என்று சொல்லிவிட்டாராம். சம்சாரத்துக்கு மூச்சிரைப்பு, இந்த வயதில் எங்கே போவது, பழகின குடும்பம், நீங்கள் மனது வைத்தால் டிரஸ்ட் கமிட்டி கேட்கும் என்றார் ரெமிஜியஸ். பழகின குடும்பமாம். அப்பா பாவம், உள்ளே போய் அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். நான் ஒன்றுதான் சொன்னேன். “கமிட்டி முன்னாடி வந்து, எம் பொண்ணப் பத்தி நீங்க சொன்னது பொய்னு சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்.” காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

ஆனாலும் வந்தார். ஃபாதரும் கமிட்டிக்காரர்களும் உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டே பேசினார். “அன்னிக்கு யாரோ சொன்னத நானும் சொல்லிட்டேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க.” தப்பாக இருந்தால்! யாரோ சொன்னது! இத்தனை வருஷம் நான் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்கு, அதையும் பாதியாக உடைத்துக் கொடுத்தார். ஃபாதர் என் அபிப்பிராயம் கேட்டார். முப்பது வருஷத்துக்கான உரிமை போனது போனதுதான், இருந்தாலும் வயதானவர்களைத் தெருவில் விட வேண்டாம், பதினோரு மாத அக்ரிமெண்ட் போடுவோம், முடிகிற போதெல்லாம் எழுதிக் கேட்டால் நீட்டிக்கலாம் என்றேன். பாதி உண்மைக்கு அது போதும். பதினோரு மாதம் என்றால் ரிஜிஸ்டர் செய்யத் தேவையில்லை, அதை வைத்து எந்த பேங்கும் கடன் கொடுக்காது, ஓஸ்வால்டுக்கு மாடி கட்டுகிற நினைப்பெல்லாம் அத்தோடு சரி. கமிட்டியில் எல்லாரும் என்னை இரக்கமுள்ளவள் என்று நினைத்தார்கள். அடுத்த ஞாயிறு ஃபாதர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

போன மாதம் அந்தப் பதினோரு மாதம் முடிந்தது. இந்தத் தடவை முன்கூட்டியே மனுவோடு வந்தார், பஸ்ஸில் வந்தாராம், கார் விற்றாயிற்று. வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நான் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்க ஒரு ஃபைலும் இல்லை. பிறகு கூப்பிட்டு வாங்கிப் பார்த்தால் தேதி போடவில்லை. அங்கேயே போடச் சொல்லியிருக்கலாம், திருத்தி எழுதி நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். மறுநாளும் வந்தார், இப்போதெல்லாம் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். போகும்போது திரும்பி நின்று கேட்டார். “இன்னும் எத்தன வாட்டி இப்டி வரணும் மேடம்?” நான் இந்த நாற்காலியில் இருக்கிற வரைக்கும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு, “வுட்டுடு தெக்ளா, அந்தாளுக்கும் வயசாயிடுச்சு” என்றார். என் பொண்ணு ஊர் பக்கமே வராமல் இருக்கிறாளே, அதற்கு யார் பதில் சொல்வது என்று நான் சண்டைக்கு நின்றேன். அதற்கு அவர், “அவளக் கேட்டியா?” என்றார். அவ்வளவுதான், தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கேட்கவில்லைதான். கல்யாணம் நின்ற அந்த வாரம் நீ அதற்கு எடுத்த துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே இருந்தாய், அழவும் இல்லை, அவர்களைத் திட்டவும் இல்லை, இன்று வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதனால் இப்போது கேட்கிறேன். நீ போதும்மா என்று சொன்னால், கமிட்டியில் நானே பேசி அவருக்கு முப்பது வருஷம் வாங்கிக் கொடுத்துவிடுவேன், எனக்கு மனசு வராது, ஆனாலும் செய்வேன். போதாது என்றால் அடுத்த வருஷமும் அவர் அந்த பெஞ்சில் உட்காருவார். ஒன்றும் சொல்லாமல் இங்கே மழை, இங்கே குளிர் என்று மட்டும் எழுதி அனுப்பினாயானால், போதாது என்றே எடுத்துக்கொள்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. அப்பாவின் பிறந்தநாளுக்குப் போன் பண்ண மறக்காதே, காலையிலிருந்தே போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். எங்கள் இரண்டு பேருடைய ஆசீரும் முத்தமும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா
தெக்ளா மேரி