அடுப்பின் கழுத்தில் ஈயம்

1956 ஜூன் 5, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஸ்டவ்வின் கழுத்தில் ஈயம் நிற்காது என்று மட்டும் அண்ணனிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டவை: போன மாதமும் இதையே சொன்னேன். கடை உன்னுடையது, கை என்னுடையது.

சொல்லியிருந்தால் மதினி, தெருவுக்குக் கேட்கிறது என்று வாசல் கதவைச் சாத்தப் போயிருப்பாள்.

விஷயம் இதுதான். மாமல்லபுரத்தில் பஸ் நிற்குமிடத்து டீக்கடையின் ஸ்டவ். எண்ணெய்த் தொட்டியிலிருந்து பர்னருக்கு ஏறும் பித்தளைக் குழாயைத்தான் நாங்கள் கழுத்து என்போம். அதில் வெடிப்பு. உலோகம் ஒட்டிக்கொள்ள வெங்காரப் பொடி தடவி, வெள்ளி கலந்த பற்று வைத்து, கரி உலையில் குழாய் சிவக்கும்வரை ஊத வேண்டும். அரை நாள் வேலை. காசிம் அண்ணனோ மத்தியான பஸ்ஸுக்கே தருவதாகச் சொல்லிவிட்டானாம்.

"தொட்டிக்கு ஈயம் வெச்சா வருஷக்கணக்கா நிக்குது. கழுத்துக்கு மட்டும் இன்னா கேடு?"

தொட்டியில் எண்ணெய் இருக்கிறது, சூடேறாது. கழுத்துக்கு நேர் மேலே நெருப்பு. இதற்குப் படிப்பே வேண்டாம். இருந்தும் இன்டர்மீடியட் பௌதிகப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஈயம் உருக 621 பாரன்ஹீட். வெள்ளீயம் 449. இரண்டும் சரியான அளவில் கலந்தால், கடையில் வைக்கும் ஈயம் அந்தக் கலவைதான், 361. தனித்தனியே தாங்கும் சூட்டைக்கூடச் சேர்ந்தால் தாங்காது. வெள்ளிப் பற்றுக்கு ஆயிரத்துக்கும் மேல். பக்கத்தைத் திறந்து அவன் முன் வைத்தேன்.

"நீ பொஸ்தகத்துலயே சோறாக்கு" என்றான். ஸ்டவ்வைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் போய், தானே ஈயம் வைத்துக் கொடுத்தனுப்பிவிட்டான்.

எங்களைப் பெற்று இந்தத் தொழிலையும் கற்றுத்தந்த அத்தாவுக்குக் கண் மங்கியதிலிருந்து பற்றவைப்பதெல்லாம் நான்தான். கொல்லைக் கொட்டகையில், கதவைச் சாத்திக்கொண்டு. பழுதான சாமான் சாயங்காலம் கடையிலிருந்து பையில் வரும், காலையில் பையில் போகும். பஜாரில் அதற்கு 'காசிம் பாய் கை' என்று பெயர்.

ஜூன் 6, புதன்

காற்றே இல்லை. புளி காயவைத்தது. பெட்ரோமாக்ஸ் இரண்டு, முடிந்தன. வெங்காரம் தீரப்போகிறது, அத்தாவிடம் சொல்ல.

நூலகத்திலிருந்து அத்தா கொண்டுவந்த வங்காள நாவல். கதாநாயகி நூறு பக்கமாக அழுகிறாள். மூடி வைத்தேன். இவளை யாராவது எழுப்பி ஒரு வேலை கொடுத்தால் என்ன?

ஜூன் 8, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்த அத்தா செய்தி கொண்டுவந்தார். கழுத்து விட்டுவிட்டது. எண்ணெய் ஆவி பீறிட்டுப் பற்றி, டீக்கடைக்காரர் மனைவிக்கு வலது முன்கை வெந்துவிட்டது. பெயர் அஞ்சலை.

பஜாரில் அண்ணன் சொன்னது: அடுப்பு பழசு. வீட்டில் அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னது வேறு.

"பொம்பள கையில வேலையக் குடுத்தா இப்டித்தான் ஆவும்."

அம்மா நம்புகிறாள். இனிமேல் கொட்டகைப் பக்கம் போகாதே என்றாள். அத்தா பேசவே இல்லை. அவருக்கு உண்மை தெரியும். பேசாத அவர்மேல்தான் கோபம் அதிகம். சோற்றைத் தள்ளி வைத்தேன். தின்னாவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று தின்றேன்.

ஜூன் 9, சனி

அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு அச்சரப்பாக்கம் போயிருக்கிறான். சரக்கு எடுக்கவாம். இன்று பார்த்துச் சரக்கு.

அஞ்சலை பஸ் ஏறி, கடை பூட்டியிருக்க, வீட்டை விசாரித்து வந்துவிட்டாள். வெந்த கையில் வாழையிலை சுற்றிய கட்டு. இடுப்பில் ஸ்டவ். அம்மா மோர் கொடுத்தாள், மகன்மேல் தப்பில்லை, அடுப்பு பழசு என்றும் சேர்த்துக் கொடுத்தாள்.

"பழசுதான் பாயம்மா. நானுந்தான் பழசு, நா வெடிச்சனா? அடுப்பு இல்லாம அஞ்சு நாளு கட மூடிக் கெடந்தா எதிர்த்தாப்ல இன்னொருத்தன் தொறந்துடுவான். ஊரே சிரிக்குது, இன்னா அஞ்சல, கையச் சுட்டுத்தான் டீ போட்டியான்னு."

ஸ்டவ்வை வாங்கிக் கழுத்தை நகத்தால் கீறினேன். கோடு விழுந்தது. அதை அவளிடம் காட்டினேன்.

"இது ஈயங்க. எங்க அண்ணன் கடையில வெச்சது. வெள்ளிப் பத்துல நகம் ஏறாது. இந்த வூட்ல பத்து வெக்கிறது நான். உக்காருங்க, இப்பவே செஞ்சு தரேன்."

அம்மா "ஜைனப்" என்றாள். ஒரே தடவைதான். அது போதும் என்று நினைத்திருப்பாள்.

"ஊர்ல பாய் கை, பாய் கைன்றாங்களே, அது இந்தக் கையா?" அஞ்சலை என் விரல் தழும்புகளைப் பார்த்தாள். "அப்போ உங்க அண்ணாத்த கை இன்னாத்துக்குக் கீது?"

அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஈயத்தை முழுக்கச் சுரண்ட வேண்டியிருந்தது. துளி மிஞ்சினாலும் சூட்டில் பித்தளையைத் தின்றுவிடும். துருத்தியை அஞ்சலை இடது கையால் இழுத்தாள். வெயில் படாமல் சாக்கைத் தொங்கவிட்டேன், நிழலில்தான் சிவப்பின் பக்குவம் தெரியும். கொஞ்சம் தாண்டினால் குழாயே உருகிவிடும். வெள்ளி ஓடி வெடிப்புக்குள் இறங்கியபோது அவள் "ஆ, குடிச்சிடுச்சு" என்றாள். காற்றடித்து, கொளுத்தி, பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோனாள்.

கொட்டகைக் கதவு முழுநேரமும் திறந்தே இருந்தது. நான்தான் திறந்து வைத்தேன்.

ஜூன் 11, திங்கள்

தூறல், உடனே வெயில். நேற்றே அண்ணன் துருத்தியைக் கடைக்குத் தூக்கிப் போய்விட்டான். குடும்ப மானத்தைச் சந்தையில் வைத்துவிட்டேன் என்று மதினி வழியாகத் தகவல். அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கிறது என்று மதினி வழியாகவே திருப்பிக் கேட்டேன்.

முற்பகலில் அஞ்சலை. கூடவே பக்கத்து மீன்காரர் வீட்டுப் பெட்ரோமாக்ஸ், அதுவும் கழுத்துதான். நான் ஊரிலேயே இல்லை என்று அம்மா வாசலில் சொன்னது காதில் விழுந்தது. அடுத்த அறையில் வெங்காரம் இடித்துக்கொண்டிருக்கிறேன்.

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கொல்லை வழியாகப் போனேன். பஸ் ஏறப்போனவளைக் கூப்பிட்டு விளக்கை வாங்கினேன். திரும்பும்போது பஜார் வழி. அண்ணன் கடையில் ஆட்கள் இருந்தார்கள். விளக்கைத் துணியால் மூடவில்லை.

அடுப்பங்கரை ஊதாங்குழலால் ஊதியே பற்றவைத்தேன். உதடு பொத்துவிட்டது. பற்று பிடித்தது.

அண்ணன் சாப்பிட வரவில்லை.