துதியும் துணியும்

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் சுகமா? இங்கே உன் பெயரை யாரும் எடுப்பதில்லை. ஆனால் உன் தட்டையும் அம்மா தினமும் கழுவி வைக்கிறாள்.

நேற்று சபையில் என்னை வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். என் குரல் எனக்கே கேட்காது என்பது உனக்குத் தெரியும். தையல் கடையில் நாள் முழுக்கத் துணியோடு கிடப்பவள் இல்லையா, "துதியுங்கள்" என்று இருந்ததைத் "துணியுங்கள்" என்று வாசித்துவிட்டேன். அதுவும் சத்தமாக!

சபையே சிரித்தது. போதகர், "சரியாத்தாம்மா வாசிச்ச. மனசு கசந்து கிடக்கிறப்ப நன்றி சொல்லத் துணிச்சல் வேணுமே" என்றார். எங்கே ஒளியலாம் என்று தேடியபோதுதான் அப்பாவைப் பார்த்தேன். நீ அத்தானைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து சபையில் வாயே திறக்காதவர், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த பாட்டை எல்லாரையும்விட உரக்கப் பாடினார், பழையபடியே சுதி விலகி.

திரும்பி வரும்போது, "உங்கக்கா இருந்திருந்தா இதை வச்சே உன்னை ஒரு வருஷம் ஓட்டியிருப்பா" என்றார். கொஞ்ச தூரம் போய், "எழுதுறதுன்னா எழுது. நான் ஒண்ணும் சொல்லல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. வாசலில் கால் தயங்கினால், நான் வாசித்ததை நினைத்துக்கொள்.

உன் ஊமைத் தங்கை