ஜெயபாலனை எழுப்பிய தொண்ணூறு நாள்

27.5.1957, திங்கள்
மழை. குடை ஆபீசில், நான் வீட்டில்.

மேனேஜர் ஒரு நோட்டீஸ் தட்டச்சு செய்யச் சொன்னார். நம் பஸ் கம்பெனியில் கண்டக்டர்கள் நிலைப்பதில்லை. ஒருவன் வந்தால் இருவர் போகிறார்கள். இனி கம்பெனி ஆள் யாராவது ஒருவனைக் கொண்டுவந்து, அவன் தொண்ணூறு நாள் நிலைத்துவிட்டால், கொண்டுவந்தவருக்கு இருபத்தைந்து வெள்ளி. கிராணி என்றால் குமாஸ்தா; தட்டியவனே ஒட்டவும் வேண்டும். ஒட்டினேன். காலண்டருக்குப் பின்னால். காற்றில் பறந்துவிடக் கூடாதே என்றுதான்.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதலாம். வேறு யாரும் படித்துவிடக் கூடாதே என்றுதான்.

28.5.1957
நாலு வீடு தள்ளியிருக்கும் ஜெயபாலனிடம் பேசினேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் ஜவுளிக்கடை வேலை போய் இரண்டு மாதமாகச் சும்மா இருக்கிறான். “நீ சொன்னா சரிதான்டா மூர்த்தி” என்றான். ஒரு கேள்வி கேட்கவில்லை.

பரிசைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. கிடைத்ததும் சரிபாதி கொடுத்து அவனைத் திகைக்க வைப்பேன். பன்னிரண்டரை வெள்ளி! மீதியில் என் கைக்கடிகார ஆசைக்கு முன்பணம். எனக்கு நல்ல மனசுதான்.

3.6.1957
சேர்ந்துவிட்டான். கிளேபாங் போகிற பஸ். முதல் நாள்.

6.6.1957
ஆபத்து. அதற்குள் இரண்டு தடவை தாமதம். கும்பகர்ணன் இவனிடம் பாடம் படிக்க வேண்டும். இன்னொரு தடவை என்றால் சீட்டுக் கிழியும் என்கிறார் மேனேஜர்.

ஆறு வெள்ளிக்கு அலாரம் கடிகாரம் வாங்கினேன். அவனுக்கு அல்ல, எனக்கு. அவனிடம் கொடுத்தால் அதன் தலையில் தட்டிவிட்டுத் தூங்குவான். நாலேகாலுக்கு நான் எழுந்து போய் அவன் ஜன்னலைத் தட்டுவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கு ஆபீஸ் போகிற கிராணி!

“என் தங்கச்சி கல்யாணத்தன்னைக்குக்கூட ஏழு மணிக்குத்தான் எந்திரிச்சீங்க” என்றாள் சிவகாமி. மனைவிகளுக்கு ஞாபகசக்தி அதிகம்.

30.6.1957, ஞாயிறு
ஜெயபாலனும் அவன் மனைவி கமலவேணியும் தாம்பாளத்தோடு வந்தார்கள். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், எனக்குச் சட்டைத் துணி. முதல் சம்பளத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவருக்குச் செய்துவிட்டுத்தான் மற்றச் செலவாம்.

“தெனம் இருட்டுல வந்து எழுப்புறீங்களே அண்ணே, கூடப் பொறந்தவங்க செய்வாங்களா?” என்றாள் கமலவேணி.

சிவகாமி என்னைப் பார்த்தாள். நான் வாழைப்பழத்தைப் பார்த்தேன். துணியை வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல துணி.

14.7.1957
ஒரு நியாயம் தோன்றியது. கடிகாரச் செலவு ஆறு வெள்ளியைக் கழிக்க வேண்டாமா? மீதி பத்தொன்பது. பாதி ஒன்பதரை. அரை எதற்கு? ஒன்பது.

22.7.1957
அதிசயம். நான் போகும்போது ஜெயபாலன் விழித்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு கடிதம்.

“என்னடா?”

“சிங்கப்பூர்லேர்ந்து மச்சான் எழுதியிருக்கான். ஒண்ணுமில்ல, விடு.” மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ஒண்ணுமில்லை என்றால் ஒண்ணுமில்லைதானே. தானாக எழுந்துவிட்டானே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி.

10.8.1957
என் தூக்கத்துக்கு விலை இல்லையா? ஐந்து வெள்ளி போதும். கூட ஒரு பிஸ்கட் டின்.

31.8.1957, சனி
மெர்டேக்கா! சுதந்திர நாள். ஊரெல்லாம் கொடி. எல்லா பஸ்ஸிலும் படிவரை கூட்டம். ஜனங்கள் “மெர்டேக்கா” என்று முழங்கியபோது நானும் கை தூக்கினேன். மனசுக்குள் ஓடியது ‘தொண்ணூறு’. நாட்டுக்கு ஒரு விடுதலை, என் தூக்கத்துக்கு ஒரு விடுதலை. வெட்கம் கெட்டவன்.

2.9.1957
பணம் கிடைத்தது. பிஸ்கட் டின்னும் உறையில் ஐந்து வெள்ளியுமாகப் போனேன். “உன் வேலை நிரந்தரமானதுக்கு...” என்று ஆரம்பித்தேன். ஜெயபாலன் சிரித்தான்.

“இருபத்தஞ்சு வந்திடுச்சா? மொத நாளே மேனேஜர் சொல்லிட்டாருடா. ‘நீ ஓடிட்டா உன்னைக் கொண்டாந்த கிராணிக்குத்தான் நட்டம்’னாரு.”

கமலவேணிக்குப் பொறுக்கவில்லை. “அதுக்காகத்தான் அண்ணே இவரு போகல. எங்கண்ணன் துறைமுகத்துல வேல பார்த்து வெச்சிருந்தாங்க. மாசம் நூத்தி நாப்பது. ஆகஸ்டு ஒண்ணாந்தேதி வரணும்னாங்க. இவரு, மூர்த்திக்கு வாட்சு ஆசை, இன்னும் ஒரு மாசந்தானேன்னுட்டாரு.”

“அதை ஏன் இப்ப சொல்ற?” என்று அவளை அதட்டினான் அவன்.

இங்கே அவனுக்கு மாதம் தொண்ணூறு வெள்ளி. உறை என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவன் வாங்கித் தந்த துணியில் தைத்த சட்டை.

3.9.1957
அடப்பாவி மூர்த்தி. பன்னண்டரை, ஒன்பது, அஞ்சு — ஏலம் போட்டியேடா! அவன் அம்பது வெள்ளி கூடுதல் சம்பளத்த விட்டுட்டு ஒக்காந்திருக்கான், நீ அரை வெள்ளிக்குக் கணக்குப் பாத்திருக்க. தெனம் அவன எழுப்பினியே, நீ எப்படா எந்திரிக்கப் போற?

4.9.1957
இருபத்தைந்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான். சண்டை. கடைசியில் துறைமுகத்துக்கு இங்கிலீஷில் ஒரு மனு நான் எழுதித் தருவதற்கு மட்டும் சம்மதித்தான். ‘தவிர்க்க முடியாத குடும்பக் காரணத்தால்’ தாமதம் என்று தட்டினேன். அந்தக் குடும்பக் காரணம் நான்தான்.

28.9.1957
பதில் வந்தது. இடம் இருக்கிறதாம். இருபத்தைந்து வெள்ளியை ரயில் செலவுக்கு என்று கமலவேணி கையில் திணித்துவிட்டு ஓடி வந்தேன்.

14.10.1957
ஜெயபாலன் சிங்கப்பூர் போன இடத்துக்கு ஆள் வேண்டும் என்று மேனேஜர் மறுபடி நோட்டீஸ் கொடுத்தார். தமிழிலும் ஒன்று எழுதி, கேட்டின் நடுவில் ஒட்டினேன். ஓட்டுநர் நடராஜன் படித்துவிட்டு, “போன தடவ இப்படி ஒண்ணு இருந்திச்சா?” என்றார். “இருந்திச்சு. நான்தான் மறைச்சேன்” என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

21.10.1957
நாலேகால் அலாரம். பாதித் தூக்கத்தில் போய் ஜன்னலைத் தட்டிவிட்டேன். கமலவேணி விளக்கோடு வந்தாள். அடுத்த மாதம் அவளும் கிளம்புகிறாள்.

“அவரு இங்க இல்லயே அண்ணே.”

அசடு வழிய நின்றேன். அவளே முந்தாநாள் வந்த கடிதத்தைக் காட்டினாள். ‘இங்கே எட்டு மணிக்குத்தான் வேலை. ஆனாலும் நாலேகாலுக்கு முழிப்பு வந்துவிடுகிறது. மூர்த்தி தட்டுவான் என்று கொஞ்ச நேரம் படுத்தே கிடக்கிறேன்.’

அலாரத்தை ஆறு மணிக்கு மாற்றச் சொல்கிறாள் சிவகாமி. நாளைக்கு மாற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.