கண்ணாடிக் கூடத்துச் சூடு

பர்மிங்ஹாம்
12.01.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகளும் சுகம். மாமிட கால்வீக்கம் குறைஞ்சிதா?

ஹஜ்ஜுப் பெருநாளண்டு சண்டை புடிச்சதிலயிருந்து நீங்க என்ட போன் கோலை எடுக்கிறல்ல. கடிதத்தையாவது பிரிப்பீங்க எண்டு எழுதுறன்.

நேத்து எனக்கு ஆஸ்பத்திரி வார்ட்டில லீவு. அம்ஹாவை இங்குள்ள தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போனன். வெளிய பனி. உள்ள ஒரு பெரிய கண்ணாடிக் கூடம்; வெப்ப நாட்டு வண்ணத்துப்பூச்சிகளுக்காகவே அதைச் சூடாக்கி வெச்சிரிக்காங்க. கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியில நீராவி படிஞ்சி ஒண்டும் தெரியல்ல. வாழைமரம், செவ்வரத்தை, ஈரமண் வாசம். ஜெக்கட்டைக் கழட்டினன். தட்டில வெட்டி வெச்ச தோடம்பழத்தில நீலச் செட்டையோட ஒண்டு குந்தியிருந்திச்சி. காட்டுவமெண்டு குனிஞ்சா, பக்கத்தில மகள் இல்ல.

ஓடிப் போய் ஒரு மனிசன்ட கையைப் புடிச்சிட்டு, "வாப்பா" எண்டு நிக்காள். அவர் திரும்பினார். ஆரோ ஒருத்தர். அவள் கையை விட்டிட்டு இங்கிலீஷில மன்னிப்புக் கேட்டாள். ஆறு வயசுப் புள்ள, அழவும் இல்ல.

"ஏன் மகள்?" எண்டன்.

"இங்க நம்மட ஊரு மாதிரிச் சூடா இரிக்கே உம்மா. வாப்பா இங்கதான் இருப்பார் எண்டு நினைச்சன்."

அவளுக்கு என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்க.

ஹுஸ்னியா


மருதமுனை
02.02.2025

அன்பின் ஹுஸ்னியா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன்ட கடிதம் வியாழக்கிழமை காலையில கிடைச்சிச்சி. அண்டைக்குப் பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானப் பரீட்சை வைக்க இருந்தன். பள்ளிக்கூடம் போகல்ல.

இரண்டரை வருசமா "திரும்பி வா" எண்டுதான் சொன்னன். நான் அங்க வராததுக்கு உம்மாட சுகயீனத்தைக் காட்டினன். "உம்மாவை நான் பாத்துக்கிறன், நீ போ" எண்டு என்ட கூடப்பொறந்த சபூறா ராத்தா அப்பவே சொன்னா. அதை உனக்கு மறைச்சிட்டன். இஞ்ச நான் வாத்தியார், எல்லாருக்கும் 'சேர்'. அங்க வந்தா நர்ஸ்ட புருசன், ஏதாவது கடையில பெட்டி தூக்கிறவன். வெட்கம்தான்கா, வேற ஒண்டுமில்ல. கோலை எடுக்காததும் அதாலதான். உன்னோட கோவிச்சதில புள்ளைக்கும் என்ட முகம் இல்லாமப் போயிட்டு.

சம்பளமில்லாத லீவுக்கு எழுதிக் குடுத்திட்டன். விசாவுக்கு உன்ட கடதாசிகள் வேணும். நான் வரலாமா?

நிப்றாஸ்


பர்மிங்ஹாம்
20.02.2025

அன்புள்ள மச்சான்,

ஸலாம். கடதாசிகளை இதோட வெச்சிரிக்கன். வாங்க.

கோவம் இரிக்கி. சுகமில்லாத மாமியை விட்டிட்டு வந்த பாவி எண்டு இவ்வளவு காலமும் என்னையே ஏசிக்கொண்டிருந்தன். அதை நேரில கதைப்பம்.

அதுவரைக்கும் கோலை எடுங்க. அம்ஹாவோட கதைங்க, படிப்பைக் கேளுங்க, சாப்பாட்டைக் கேளுங்க. வாறதைப் பத்தி மட்டும் ஒரு சொல்லும் வாயில எடுத்திராதீங்க. நீங்க விமானத்தில ஏறினதுக்குப் பிறகுதான் நான் அவளுக்குச் சொல்லுவன்.

நீங்க வராட்டி நான் தாங்குவன் மச்சான். அவள் இனித் தாங்கமாட்டாள்.

ஹுஸ்னியா