வில்மரும் ஃபோம் சூரியனும்

மார்ச் 4, திங்கள்
என் வகுப்பில் எல்லாம் நாலு வயது வால்கள். இன்றும் கதை நேரத்தில் வில்மர் மேசைக்கு அடியில்தான். தலைமையாசிரியை மிரேயா, மரியாதையாக எங்கள் எல்லாருக்கும் 'டோன்யா', எட்டிப் பார்த்தார். "இவன் உக்கார மாட்டான், நோயெலியா. ஈஸ்டர் லீவோட நிறுத்திடலாம், அடுத்த வருஷம் வரட்டும்." அவன் அம்மா நாள் முழுக்கத் தையல் ஆலையில். நிறுத்தினால் அவனை யார் பார்ப்பது?

குறை பையனிடம் இல்லை, சுவரில். அடித்துச் சொல்வேன். ஃபோம் தாளில் சூரியன், மாம்பழம், எழுத்துகள், பிறந்தநாள் ரயில்... எனக்கே தலை சுற்றுகிறது, அவனுக்குச் சுற்றாதா?

மார்ச் 5
அத்தனையையும் கழற்றிவிட்டேன். டோன்யாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பாரா?

மார்ச் 6
மிரேயா கொதித்துவிட்டார். "கண்ணு வலிக்க வலிக்க நான் வெட்டின சூரியன்டி அது! மொட்டைச் சுவத்தப் பாத்து பெத்தவங்க என்ன சொல்வாங்க?"

"பிள்ளைங்க மாம்பழத்த இல்ல டோன்யா, என் முகத்தப் பாக்கணும்."

வாய்க்கொழுப்புதான். ஆனால் சொன்னது சரி.

மார்ச் 8
பெரணிச் செடித் தொட்டிகள், யாக்கே ஆற்றுக் கூழாங்கல், மீன் ஜாடி, அண்ணனுடைய ஆமை, எல்லாவற்றையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஆசை யாரை விட்டது! ஆமை அலமாரிக்கு அடியில் புகுந்தது, மொத்த வகுப்பும் தரையில் குப்புற. வாசலில் மிரேயா: "பேஷ்! இப்ப எல்லாருமே வில்மர்தான்."

சே. சுவரில் அவர் செய்ததையே நான் தரையில் செய்திருக்கிறேன்.

மார்ச் 11
ஆமையும் மீனும் வீட்டுக்கு. ஜன்னலோரம் ஒரே ஒரு பெரணி. தண்ணீர் ஊற்றுவது வில்மர் வேலை.

மார்ச் 19
ஊற்றிவிட்டுத் தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறான். சுருண்ட குருத்தைக் கொஞ்சம் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். இன்று கதையில் ஒரு ஆட்டை மறந்துவிட்டேன். "டீச்சர், கறுப்பு ஆடு எங்க?" கேட்டது யார்? வில்மர்!

மார்ச் 22, வெள்ளி
லீவுக்கு முன் கடைசி நாள். கதை பாதியில் இருக்கும்போது, கையில் ஈஸ்டருக்குச் செய்யும் இனிப்புப் பயறுக் கிண்ணத்தோடு மிரேயா சத்தமாக நுழைந்தார். "எங்க அந்தப் பையன்? அவன் அம்மாகிட்ட..."

வில்மர் எழவில்லை. உதட்டில் விரல் வைத்தான். "ஷ்ஷ்! டீச்சர் இன்னும் முடிக்கல."

மனுஷி குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, கதை முடியும்வரை கேட்டார்.

போகும்போது, "ஏப்ரல்ல வரட்டும்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "என் சூரியன் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எடுத்து வை. என் ரூம்ல மாட்டிக்கறேன்."