நான்தான் ரிஷியை அனுப்பினேன்

கிள்ளான்,
ஞாயிறு மாலை

கிஷன் அண்ணா, நான் தாமரை. அம்மாவுக்கு மணிக்கட்டு வலி, அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். இனி வருவது அம்மாவின் பேச்சு.

அன்பு மகன் கிஷனுக்கு, பெர்த் குளிரில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ போனை எடுப்பதில்லை, மெசேஜைப் படித்தும் பதில் போடுவதில்லை, அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு வேண்டுமானால் கிழித்துப் போடு. நம் தையல் கடையில் தீபாவளித் துணி குவிகிறது, தாமரை புத்தகத்தை மடியில் மறைத்துக்கொண்டு ஒரு சட்டைக்குப் பட்டனை உள்பக்கம் தைத்துவிட்டாள். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, கேட்டால், சர்க்கரை பார்க்கிற மெஷின் கெட்டுப்போச்சு என்கிறார். உன் அண்ணன் ரிஷிக்கு முதல் திவசம் வருகிறது. தம்பி நீ இல்லாமல் யார் செய்வது?

பந்திங்கில் பஸ்ஸைத் தவறவிட்டு நீ கூப்பிட்டதால்தான் அண்ணன் அந்த மழையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பி விபத்தில் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பாவும் சுடுகாட்டில் எல்லோர் முன்னாலும், இவன் கூப்பிடாம இருந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான் என்று சொன்னார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

நீ கூப்பிட்டபோது அவன் ஏற்கெனவே பாதி வழி போயிருந்தான். நான்தான் அனுப்பினேன். பந்திங் லோகேஸ்வரியின் மகளுக்குக் கல்யாண ரவிக்கை. மழை கறுத்துக்கிட்டு வருதும்மா, நாளைக்குக் காலைல குடுக்கிறேன் என்றான். நான், வாக்குக் குடுத்தாச்சு, சும்மா சாக்கு சொல்லாத என்று ஏசினேன். மோட்டார் பெட்டியில் இருந்த அந்த ரவிக்கையைப் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி, இங்கே அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

சின்ன வயதில் பக்கத்து வீட்டு ரெங்கசாமி அங்கிளின் கார் கண்ணாடியை நீ உடைத்தபோது, நான்தான் அங்கிள், ஏசுறதுன்னா என்னை ஏசுங்க என்று முன்னால் போய் நின்றவன் ரிஷி. உனக்கு விழ வேண்டிய அடியை வாங்கிக்கொண்டு வந்து, ரொட்டி சானாய் வாங்கிக் குடுடா, போதும்லா என்று சிரித்தான். உன் பழியை அவன் சுமந்தான். பெற்றவள் நான் என் பழியை உன் தலையில் இறக்கிவிட்டேன்.

(அண்ணா, அம்மா அழுகிறார். அன்றைக்கு நானும் கடையில்தான் இருந்தேன், எல்லாம் கேட்டேன். அப்பா ஏசுவாரோ என்று பயந்து ஏறக்குறைய ஓராண்டாக நானும் சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள்.)

இந்தக் கடிதத்தை அப்பா படித்த பிறகுதான் தபாலில் போடுவேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. முருகன் உன் கூடவே இருக்கட்டும்.

உன்னைப் பெற்ற,
தனலெட்சுமி

அண்ணா, மறுபடியும் தாமரை. எங்களை அழைத்துப்போக அப்பா வந்தார். நின்றபடியே இரண்டு முறை படித்தார். நீயும் கேட்டியா என்று என்னிடம் கேட்டார். ஆமாம்பா என்றேன். கடிதத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்துக் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டு, திவசம் என்னிக்குன்னு எழுதலையே, அவன் எப்படி டிக்கெட் போடுவான் என்று கேட்டார். அடுத்த மாதம் பதினான்காம் தேதி, அண்ணா. அம்மா கடை விளக்குகளை அணைத்துவிட்டார்.