நிலம் வழுக்கும் வீடு

மார்ச் 4, செவ்வாய்

இராமகிருஷ்ணன் சேருக்குத் தன் வீட்டுத் தரைமேல் இருக்கிற அக்கறை, அந்தத் தரையைத் துடைக்கிற மனுஷிமேல் இல்லை.

வீடு கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், யாழ்ப்பாணத்தார். போன மாதம் நானும் கடையில் என்னோடு வேலை செய்கிற அஸ்ஃபரும்தான் அங்கே ஹோம் தியேட்டர் பூட்டிக் கொடுத்தோம். இன்றைக்கு அவசரமாகக் கூப்பிட்டார். சப்வூஃபர், அதாவது இடிச்சத்தத்தை மட்டும் போடுகிற அந்தக் கனமான பெட்டி, வைத்த மூலையிலிருந்து ஒரு அடி வெளியே வந்து நிற்கிறது. மரப்பலகைத் தரையில் அரிவாள் மாதிரி வளைந்த ஒரு கீறல்.

"ஷெரோன் பிள்ளை, நிலத்தைப் பாரும். என்ன செய்து வச்சிருக்கிறாள் எண்டு பாரும்."

அவர்கள் பேச்சில் தரைக்கு நிலம் என்று பெயர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு நிலம் என்றால் வேறு. பரம்பரை பரம்பரையாகக் கேட்டும் கையில் வராதது.

மூக்காயி அக்கா கதவோரம் நின்றார். ஊர் கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டம், அந்த வீட்டில் ஒன்பது வருஷமாக வேலை. "நான் தள்ளலங்க. அத விட்டுட்டு சுத்தித்தான் தொடைக்கிறேன்."

"அப்ப தானா நடந்து வந்ததோ? கால் முளைச்சிட்டுதோ?" என்றார் சேர். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "தோட்டத்துச் சனத்துக்கு மரநிலத்தின்ர அருமை எங்க தெரியப்போகுது?"

என் வீடு கண்டி டவுனில், மஹய்யாவ. ஆனால் அப்பா பிறந்தது கலஹாத் தோட்டத்து லய வீட்டில். அதை அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஒவ்வொரு வேலைக்கும் எழுதிக் கொடுக்கிற ஜொப் கார்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் கடை முதலாளி நஸீம் நானா எந்த வேலையையும் முடிந்ததாக எடுக்கமாட்டார். நிரப்பினேன்: "சுத்தம் செய்பவர் நகர்த்தியதால்." கையெழுத்துப் போட்டேன். வாடிக்கையாளர் நகலைக் கிழித்து சேரிடம் கொடுத்தேன். எல்லாம் இரண்டு நிமிடம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலைப் பூசைக்குப் பிறகு நேராக குண்டசாலை. பெட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்புப் போட்டாயிற்று. இனி அசையாது. எனக்கு என் வேலை தெரியும்.

கேட்டைத் திறந்தது சேரின் மனைவி. மூக்காயி அக்காவைக் காணவில்லை. கேட்கவும் இல்லை.

மார்ச் 12, புதன்

அசைந்துவிட்டது. விரிப்போடு சேர்த்து, மணவறைக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி நடு ஹாலுக்கு வந்திருக்கிறது. விரிப்பும் பெட்டியும் ஒட்டித்தான் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து தரையில் வழுக்கியிருக்கின்றன.

"அக்கா எங்க சேர்?"

"அவளை நிப்பாட்டியாச்சு. நீர் வந்துபோன அண்டைக்கே. உம்மட துண்டைக் காட்டினன். எழுத்தில இருக்கெண்டு சொன்னன். பையையும் தூக்கிக்கொண்டு போயிட்டாள்."

என்னுடைய துண்டு, கிழித்துக் கொடுத்த அந்தக் கார்ட் நகல். என்னுடைய கையெழுத்து.

எட்டு நாளாக அக்கா அந்த வீட்டில் இல்லை. அப்படியானால் இன்றைக்குப் பெட்டியைத் தள்ளியது யார்?

ஐயோ ஷெரோன், என்ன வேலடி பாத்து வச்சிருக்க. ரெண்டு நிமிசம் நின்னு யோசிச்சிருந்தா? தரையக் கையால தடவியாவது பாத்தியா? இல்ல. அவரு கை காட்டின ஆள எழுதிக் குடுத்துட்டு வந்துட்ட.

தவக்காலம். பாவசங்கீர்த்தனம் செய்யலாம். ஆனால் இதைச் சொல்லவேண்டியது சாமியாரிடம் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று ஊகத்துக்கு இடம் வைக்கவில்லை.

பெட்டியை மூலையில் வைத்து, நாலு பக்கமும் தரையில் டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டேன். சேர் வழமையாகப் பார்க்கிற சத்தத்தில் ஒரு யுத்தப் படம். இடிச்சத்தத்தைக் கூட்டுகிற பாஸ் திருகியை அவர் கடைசி வரைக்கும் முறுக்கி வைத்திருக்கிறார். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தால், கோட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி நிற்கிறது.

அஸ்ஃபர் வாயைப் பொத்திக்கொண்டான். "யா அல்லாஹ்! ஆளில்லாமலே நடக்குது. சேர், இதையும் சம்பளத்துக்கு வச்சிக்கோங்க."

சேர் சிரிக்கவில்லை.

வெள்ளைத் துணியால் தரையை அழுத்தித் துடைத்தேன். துணி மஞ்சளானது. மெழுகு.

"ஓம், மெழுகுதான்," என்றார் சேரின் மனைவி பெருமையாக. "சிவப்புச் சீமெந்து நிலத்துக்குப் போடுறதுதான். பூசிப்போட்டு தேங்காய்ப் பொச்சுமட்டையால தேய்ச்சாத்தான் வடிவு. மூக்காயியைக் கொண்டு கிழமைக்கு ஒருக்கா செய்விச்சனான். போன சனி நானே முழங்காலில இருந்து தேய்ச்சனான்."

கண்டியில் பாதி வீடுகள் இப்படித்தான் பளபளக்கின்றன. சீமெந்து மெழுகைக் குடித்துவிடும். வார்னிஷ் அடித்த பலகை குடிக்காது. மெழுகு மேலேயே பட்டர் மாதிரி நிற்கும். அதற்குமேல் அதிர்கிற ஒரு கனமான பெட்டி. நடக்காமல் என்ன செய்யும்? ரப்பர் பிடிப்பதற்கு முதலில் தரை வேண்டும்.

"அப்ப ஒருத்தரிலயும் பிழை இல்லை. நிலம் வழுக்குது, அவ்வளவுதான்," என்றார் சேர்.

"ஒருத்தர்லயும் பிழை இல்லன்னா அக்காவ ஏன் அனுப்பினீங்க?"

"நீர்தானே எழுதித் தந்தீர்."

உண்மைதானே.

மார்ச் 16, ஞாயிறு

பேராதனையில் பஸ் மாறி கலஹா. கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். மூக்காயி அக்கா வாளியில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: அந்தத் துண்டை எழுதியது நான். அது பொய். பெட்டி தானாகத்தான் நகர்ந்தது.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நெனச்சித்தான் ஐயா அத மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. வாசிச்சேன். 'சுத்தம் செய்பவர்'. பேரக்கூட போடலியே பாப்பா நீ."

அலசிய உடுப்பைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகு அவரே சொன்னார்.

"ஒம்போது வருசத்துல ஒரு கோப்பைய ஒடைச்சதில்ல. இப்ப லயம் பூரா, மூக்காயி வீட்ட நாசம் பண்ணிட்டு வந்தவங்கிற பேச்சு. ரெண்டு எடத்துல வேல கேட்டேன். எங்க கேட்டாலும் அந்த ஐயாவுக்குத்தான் போன் போட்டு விசாரிக்கிறாங்க. அப்பறம் வேணாங்கிறாங்க."

"நான் போய்ச் சொல்றேன்க்கா. எழுதியும் தர்றேன்."

"நீ சொன்னா யாரு நம்புவா? தள்ளல, அவ மேல குத்தமில்லன்னு அவரு வாயால வரணும். எனக்கும் சொல்லணும், கேக்குறவங்களுக்கும் சொல்லணும். அது போதும். அந்த வீட்டுக்கு நான் திரும்பிப் போகமாட்டேன்."

பால் இல்லாத பிளேன்டீ கொடுத்தார். குடித்தேன். இனிப்பாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

புதிய கார்ட் எழுதினேன். காரணம்: "வார்னிஷ் தரையில் மெழுகு, பாஸ் அளவுக்கு மிஞ்சிய நிலை. திருமதி மூக்காயி நகர்த்தவில்லை. 4ஆம் திகதிக் கார்டில் நான் எழுதியது தவறு." பெயரை முழுதாக, பெரிய எழுத்தில்.

நஸீம் நானா இரண்டு தடவை வாசித்தார். "இது ஜொப் கார்ட் புள்ள, கோர்ட் பேப்பர் இல்ல. கஸ்டமரோட மல்லுக்கட்டி நாங்க கடை நடத்த ஏலுமா?"

"முதல் கார்ட கோர்ட் பேப்பராத்தான் பாவிச்சிருக்காங்க நானா. அத எழுதினது உங்க கடை."

தாடியைச் சொறிந்தார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தித் தந்தார். "போ. திருத்திட்டு வா. வாய மட்டும் கொஞ்சம் அடக்கு."

நானா சொன்னதில் முதல் பாதி நடந்தது. பெட்டி இனி நிற்கப்போகிற இடத்தில் மட்டும் டர்பன்டைன் தொட்டு மெழுகை எடுத்தேன். மூன்று துணி. காய்ந்த பிறகு, கல் வெட்டுகிறவரிடம் வாங்கிய கிரனைட் துண்டு. அடியில் நாலு மூலையிலும் வெள்ளைச் சிலிக்கன் வட்டு. கறுப்பு ரப்பர் வார்னிஷில் தழும்பு போடும். பெட்டியின் கால்களுக்கும் அதே வட்டு. மூலையிலிருந்து ஒரு முழம் முன்னால் வைத்து, பாஸைப் பாதிக்குக் குறைத்தேன். அதே யுத்தப் படம், இந்தமுறை முழுவதும். புதிதாகப் போட்ட பென்சில் கோட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு மயிரிழைகூட இல்லை.

இனி அது நகராது. இதைத் தைரியமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தமுறை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கார்டை நீட்டினேன். சேர் கண்ணாடி போட்டு வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அக்காவுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க சேர். அவங்க நம்பரையும் கார்ட்ல எழுதியிருக்கேன்."

"பாப்பம், பாப்பம்."

மார்ச் 23, ஞாயிறு

அக்காவுக்குக் கோல் எடுத்தேன். சேர் இன்னும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லையாம். மூன்றாவது வீடும் வேண்டாமென்று சொல்லிவிட்டது.

மார்ச் 30, ஞாயிறு

பேராதனையில் மாணவர் விடுதி ஒன்றில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள். நாளைக்குத் தீர்மானிக்கிறார்களாம். விசாரிக்க அக்கா கொடுத்தது சேரின் நம்பரைத்தான். "வேற யார் நம்பரக் குடுக்க? ஒம்போது வருசம் அங்கதான இருந்தேன்," என்கிறார்.

பின்னேரம் நானே சேருக்குக் கோல் எடுத்தேன்.

"பெட்டி எப்பிடி சேர்?"

"அருமை பிள்ளை! ஒரு நூல் அசையேல்ல. என்ர மருமகனும் ஒண்டு பூட்டப் போறாராம், உம்மைத்தான் அனுப்பச் சொல்லிச் சொன்னனான்."

"வர்றேன் சேர். நாளைக்கு விடுதியில இருந்து உங்களுக்குப் போன் வரும், மூக்காயி அக்காவப் பத்திக் கேப்பாங்க. அவங்க தள்ளல, அவங்க மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொல்லுங்க. அதுக்கு முதல் அக்காவுக்கு எடுத்து அவங்ககிட்டச் சொல்லுங்க. செய்வீங்களா? இப்பவே எனக்குச் சொல்லுங்க சேர்."

மறுமுனையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. குண்டு வெடிக்கிற சத்தம், சுத்தமாக, கொஞ்சமும் பிசிறில்லாமல் கேட்டது.

"சேர், சொல்லுங்க."